வுலெகமாலி: மாகாணத்தின் கணக்குப் புத்தகம் எவ்வளவு தூரம் திறக்கிறது?

டர்பன் சாட்ஸ்வொர்த்தில் உள்ள ஆர்.கே. கான் மருத்துவமனைக்கு இந்த வருஷம் எவ்வளவு பணம் ஒதுக்கினார்கள் என்று பார்க்க, தென்னாப்பிரிக்க அரசின் பட்ஜெட் தளமான வுலெகமாலிக்குள் போகிறவர் முதலில் ஏமாந்துதான் போவார். குவாசூலு-நேட்டால் மாகாணச் சுகாதாரத் துறையின் செலவுப் பட்டியலில் அந்தப் பெயரே இருக்காது. இருப்பது ‘திட்டம் 4: மாகாண மருத்துவமனைச் சேவைகள்’, அதற்குக் கீழே பிராந்திய மருத்துவமனைகள் என்று ஒரு துணைத் தலைப்பு. ஆர்.கே. கான், லேடிஸ்மித், போர்ட் ஷெப்ஸ்டன் எல்லாம் அந்த ஒற்றை வரிக்குள் அடக்கம். இதைத் தளத்தின் கோளாறு என்று சொல்ல முடியாது. சட்டமன்றம் பணத்தை ஒதுக்குவதே துறைக்கும் திட்டத்துக்கும்தான். அதை மருத்துவமனை மருத்துவமனையாகப் பிரிப்பது துறைக்குள் நடக்கிற வேலை. கட்டடம், கூரை, லிஃப்ட் போன்ற பணிகளுக்கு மட்டும் மருத்துவமனையின் பெயர் வரும். அது தளத்தின் வேறொரு மூலையில் இருக்கிறது, பின்னால் வருவோம்.

தென்னாப்பிரிக்கத் தேசியக் கருவூலமும் ‘இமாலி யேது’ என்ற குடிமக்கள் அமைப்புகளின் கூட்டணியும் சேர்ந்து 2018-இல் திறந்த தளம் இது. சூலு மொழியில் வுலெகா என்றால் திற, மாலி என்றால் பணம். பார்ப்பதற்குக் கட்டணமும் இல்லை, பதிவும் தேவையில்லை. 2017-இன் திறந்த பட்ஜெட் ஆய்வில் தென்னாப்பிரிக்கா 100-க்கு 89 வாங்கி, நியூசிலாந்தோடு முதலிடத்தைப் பகிர்ந்துகொண்டது. ஆனால் அந்த மார்க் தேசிய அரசு இருக்கும் பிரிட்டோரியாவுக்குக் கிடைத்தது, மாகாணத் தலைநகர் பீட்டர்மாரிட்ஸ்பர்க்குக்கு அல்ல. மாகாணப் பக்கங்களைத் திறக்கும்போது இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தேசியத் துறைகளின் பக்கங்களுக்கு இருக்கிற செழிப்பு இவற்றுக்கு இல்லை.

தேடத் தொடங்குமுன் எந்த அரசாங்கத்தின் கணக்கு வேண்டும் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. பாதிப் பேர் தடுக்கி விழுவது இங்கேதான். பாட்டிக்கு வருகிற முதியோர் கிராண்ட், சாசா என்ற உதவித்தொகை நிறுவனம் வழியாக வரும் தேசிய அரசின் பணம். மாகாணச் சமூக மேம்பாட்டுத் துறையில் தேடினால் கிடைக்காது. வீட்டு ரேட்ஸ் (சொத்து வரி), தண்ணீர், குப்பை, தெருவிளக்கு எல்லாம் எத்தெக்வினி, அதாவது டர்பன் மாநகராட்சி. பள்ளிக்கூடம், மருத்துவமனை, ஆம்புலன்ஸ், ஆர் என்று தொடங்கும் பல சாலைகள், வண்டி லைசென்ஸ் கட்டணம் ஆகியவை மாகாணம். என்-2 நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை நிறுவனத்தின் பொறுப்பு. போலீஸ் தேசியம், மாகாணத்துக்குக் கண்காணிக்கிற வேலை மட்டும்.

பணம் எங்கிருந்து வருகிறது என்பதை இந்தத் தளம் கொஞ்சம் ஒளித்துத்தான் வைத்திருக்கிறது. செலவைக் காட்டும் பெட்டிப் படங்கள் கண்ணைப் பறிக்கும். வருவாய்க்குப் பிடிஎஃப் ஆவணத்துக்குள் இறங்க வேண்டும். குவாசூலு-நேட்டால் ஆண்டுக்கு 14,000 கோடி ராண்டுக்கு மேல் செலவழிக்கிறது. அதில் மாகாணம் தானே திரட்டுவது 100 ராண்டுக்குச் சுமார் 3 ராண்ட். வண்டி லைசென்ஸ் அதில் பெரிய பங்கு. மிச்சம் கசினோ வரி, குதிரைப் பந்தய வரி, மது உரிமம், மருத்துவமனைக் கட்டணம் என்று சில்லறையாகச் சேருவது. வருமான வரி, வாட், பொது விற்பனை வரி, சொத்து வரி, சுங்கம் எதையும் மாகாணம் போடக் கூடாது என்று அரசியலமைப்பின் 228-ஆம் பிரிவு கட்டிப்போட்டிருக்கிறது. தமிழ்நாட்டு பட்ஜெட்டைப் படித்துப் பழகியவர்களுக்கு இது விசித்திரமாகத் தெரியும். அங்கே மாநிலம் தானே வரி போட்டுத் திரட்டுவது பெரும் பங்கு, இங்கே மாகாணம் ஏறக்குறைய கை நீட்டித்தான் நிற்கிறது.

மீதி எல்லாம் தேசிய அரசிடமிருந்து இரண்டு வழியாக வருகிறது. ஒன்று, எதற்கு என்று கட்டளை இல்லாத நியாயப் பங்கு. மற்றது, இன்னதற்குத்தான் என்று முத்திரை குத்திய நிபந்தனை மானியம்: பள்ளிச் சத்துணவு, சாலைப் பராமரிப்பு, பள்ளிக் கட்டடம், வீட்டுவசதி போல. நியாயப் பங்கை ஒரு சூத்திரம் 9 மாகாணங்களுக்கும் பிரிக்கிறது: கல்விக்கு 48 சதவீத எடை, சுகாதாரத்துக்கு 27, மக்கள்தொகைக்கு 16, வறுமைக்கு 3, பொருளாதாரத்துக்கு 1. எஞ்சிய 5 சதவீதம் எல்லா மாகாணத்துக்கும் சமமாக. மக்கள் ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்தின் பக்கம் வேலை தேடிப் போகப்போக, இந்தச் சூத்திரத்தில் நம் மாகாணத்தின் பங்கு தேயும். ஆள் போனாலும் ஆஸ்பத்திரிக் கட்டடம் அதே இடத்தில்தான் நிற்கும், அதைப் பராமரிக்கிற செலவும் குறையாது. மாகாண நிதியமைச்சர் யாராக இருந்தாலும் உரையில் இதைச் சொல்லிப் புலம்புவது சும்மா இல்லை.

துறைப் பக்கத்தைத் திறப்பது சுலபம். ஆண்டைத் தேர்ந்தெடுத்து, மாகாணத்தைத் தேர்ந்தெடுத்து, துறையைச் சொடுக்கினால் போதும். ஆண்டு என்றால் ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. 2025-26-ஐப் பார்ப்பவர் ஒரு கூடுதல் கவனம் எடுக்க வேண்டும். அந்த வருஷம் தேசிய பட்ஜெட் பிப்ரவரி 19 அன்று வாட் வரியை உயர்த்துவதா என்ற சண்டையில் நின்றுபோய், மார்ச் 12-இல் தாக்கலாகி, கடைசியில் மே 21-இல் மூன்றாவது வடிவத்தில் வந்தது. கையில் இருக்கும் கோப்பு எந்தத் தேதியுடையது என்று முகப்பில் பார்த்துவிட்டுத்தான் எண்ணை மேற்கோள் காட்ட வேண்டும்.

பெட்டிப் படத்தைப் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். சாரம் இருப்பது ‘மாகாண வருவாய், செலவு மதிப்பீடு’ என்ற தடித்த புத்தகத்தில், மார்ச்சில் வருவது. தளத்தின் உண்மையான மதிப்பு, இந்தப் புத்தகங்களைப் பல வருஷத்துக்கு ஒரே இடத்தில் அடுக்கி வைத்திருப்பதுதான். அதில் ஒவ்வொரு துறைக்கும் உரிய ஒதுக்கீட்டுப் பகுதிக்கு ‘வாக்கு’ என்று பெயர். கல்வித் துறை என்றால் 5-ஆம் வாக்கு, சுகாதாரம் 7-ஆம் வாக்கு. ஒவ்வொரு வாக்கிலும் ‘திட்டவாரியாகச் செலவுச் சுருக்கம்’ என்ற அட்டவணையைப் பிடியுங்கள். அதில் 9 எண் பத்திகள் இருக்கும். முதல் மூன்றும் தணிக்கை முடிந்த பழைய ஆண்டுகள். நடு மூன்றும் நடப்பு ஆண்டுக்கு: முதலில் ஒதுக்கியது, நவம்பர் வாக்கில் திருத்தியது, மார்ச் 31-க்குள் எவ்வளவு ஆகும் என்று துறையே போடும் மதிப்பீடு. கடைசி மூன்றும் வரும் ஆண்டுகள்.

அந்த நடு மூன்று பத்திகளில்தான் கதை இருக்கிறது. ஒரு மாதிரிக்கு, திருத்திய ஒதுக்கீடு 4 512 300 என்றும் துறையின் மதிப்பீடு 4 690 100 என்றும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். முதல் எண்ணை வெறும் 45 லட்சம் என்று படித்துவிட்டால் எல்லாமே தப்பு. இங்கே ஆயிரங்களைப் பிரிப்பது இடைவெளிதான், அட்டவணையின் மூலையில் ‘ஆயிரம் ராண்ட்’ என்றும் எழுதியிருக்கும். ஆகவே முதல் எண் 451 கோடியே 23 லட்சம் ராண்ட். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 17 கோடியே 78 லட்சம். ஒதுக்கியதை மீறிச் செலவாகப் போகிறது என்று துறையே மார்ச்சில் எழுதிக் கொடுத்துவிட்டது என்று அர்த்தம். பத்திரிகையில் வருவதற்குப் பல மாதம் முன்னாலேயே இது உங்கள் கையில் கிடைக்கும். இன்னொரு பொறி: தேசியத் துறைகளின் புத்தகம் மில்லியன் ராண்டில் போடப்படும். இரண்டையும் ஒரே எக்செல் தாளில் ஒட்டினால் ஆயிரம் மடங்கு பிழை வரும்.

மீறிச் செலவழித்தது காற்றில் போய்விடாது. சட்டமன்றம் அதை ஏற்றுக் கூடுதல் பணம் தராவிட்டால், அடுத்த ஆண்டுகளின் ஒதுக்கீட்டிலிருந்தே பிடிக்கப்படும். புது வருஷ பட்ஜெட் பிறக்கும்போதே கடனோடு பிறக்கும் துறைகள் இருப்பதற்கு இது ஒரு காரணம். ஆண்டின் நடுவில் ஒரு திட்டத்தில் மிச்சமானதை இன்னொன்றுக்கு நகர்த்தலாம். ஆனால் எடுக்கிற திட்டத்தின் ஒதுக்கீட்டில் 8 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது என்று 1999-இன் பொது நிதி மேலாண்மைச் சட்டம், பிரிவு 43 சொல்கிறது. கட்டுமானத்துக்கு வைத்ததை எடுத்து நடப்புச் செலவில் கொட்டவும் கூடாது. மார்ச் 31-இல் மிஞ்சிய பணம் கருவூலத்துக்குத் திரும்ப வேண்டும். பொருள், சேவைச் செலவில் அதிகபட்சம் 5 சதவீதத்தைத்தான் அடுத்த ஆண்டுக்கு எடுத்துச் செல்ல முடியும், சம்பளத்தில் மிஞ்சியதை அதுவும் முடியாது. பிப்ரவரி, மார்ச்சில் பிரிண்டர் மையும் நாற்காலியும் அவசர அவசரமாக வாங்கப்படுவதன் ரகசியம் இவ்வளவுதான்.

சம்பளத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். கல்வித் துறையின் செலவில் பத்தில் எட்டுப் பங்குக்கும் மேல் சம்பளம். உயர்வை முடிவு செய்வது தேசிய அளவிலான பேச்சுவார்த்தை. 2023-இல் 7.5 சதவீதம் என்று கையெழுத்தானபோது, அதன் சுமையில் ஒரு பகுதியை மாகாணங்கள் தங்கள் பணத்திலிருந்தே தாங்க வேண்டியதாயிற்று. அப்படித் தாங்கும்போது முதலில் வெட்டு விழுவது காலிப் பணியிடத்துக்கும் பள்ளிகளுக்குப் போகும் பணத்துக்கும். அந்தப் பள்ளிப் பணத்தைத் தளத்தில் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. திட்டம் 2, ‘பொதுச் சாதாரணப் பள்ளிக் கல்வி’. அதில் செலவைச் சம்பளம், பொருள் என்று வகைப்படி பிரிக்கும் பொருளாதார வகைப்பாட்டைத் திறந்து, மாற்றுத்தொகைகளின் (துறை பிறருக்கு அப்படியே கொடுத்துவிடும் பணம்) கீழ் ‘இலாப நோக்கமற்ற நிறுவனங்கள்’ என்ற வரியைப் பாருங்கள். பெயரைப் பார்த்துத் தொண்டு நிறுவனம் என்று நினைத்துத் தாண்டிப் போய்விடுவார்கள். தங்கள் கணக்கைத் தாங்களே நடத்தும் பிரிவு 21 பள்ளிகளுக்குப் போகிற பணம் அதில்தான் இருக்கிறது. மற்ற பள்ளிகளுக்குத் துறையே வாங்கித் தருவதால், அந்தச் செலவு ‘பொருள், சேவை’யில் கலந்துவிடும். இந்த இரண்டு வரியையும் சேர்த்துப் பார்க்காமல், நம் பள்ளிக்குக் குறைத்துவிட்டார்கள் என்று கூட்டத்தில் எழுந்து பேசினால் அதிகாரி ஒரே வாக்கியத்தில் உட்கார வைத்துவிடுவார்.

காலப்போக்கைக் காட்டும் வரைபடத்தில் விலைவாசியைக் கழித்துப் பார்க்கும் வசதி ஒன்று இருக்கிறது. அதை அழுத்தாமல் வெளியே வராதீர்கள். வருஷா வருஷம் ஏறுகிற தூண்கள் அதை அழுத்தியதும் படுத்துவிடுவது வழக்கமான காட்சி. ‘வரலாறு காணாத ஒதுக்கீடு’ என்ற பேச்சுக்கு இதைவிட மலிவான மருந்து கிடையாது. தளத்திலேயே எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இது.

இனி, தளம் காட்டாதது. மாகாணத் துறைகள் ரொக்க அடிப்படையில் கணக்கு எழுதுகின்றன. பணம் கை மாறினால்தான் செலவு. ஒரு சப்ளையர் பிப்ரவரியில் மருந்து கொடுத்து, பில் ஏப்ரலில் தீர்ந்தால், அது பழைய ஆண்டின் செலவாகவே வராது. 30 நாளில் பில் தீர்க்க வேண்டும் என்பது விதி. பணம் இல்லாத துறை பில்லை மேசையில் வைத்துக்கொண்டு, ‘ஒதுக்கீட்டுக்குள் முடித்துவிட்டோம்’ என்று காட்ட முடியும். வுலெகமாலியின் ‘ஒதுக்கியது, செலவானது’ வரைபடம் அதை அப்படியே நம்பி அழகாக வரைந்தும் தரும். உண்மை வேண்டுமென்றால் துறையின் ஆண்டறிக்கையில் நிதிக் கணக்குகளுக்குப் பின்னால் வரும் ‘பதிவாகாத நிலுவைகள்’ என்ற குறிப்புக்குப் போங்கள். 30 நாளுக்குள் இருப்பது, 30 நாள் தாண்டியது என்று இரண்டு பத்திகளாக இருக்கும். இரண்டாம் பத்தி கனத்திருந்தால் அந்தத் துறை மூச்சுத் திணறுகிறது. பக்கத்திலேயே ‘வரக்கூடிய பொறுப்புகள்’ குறிப்பு இருக்கும். சுகாதாரத் துறையில் அது பெரும்பாலும் மருத்துவப் பிழைக்காகத் தொடுக்கப்பட்ட வழக்குகள். அந்த வழக்குகளில் கொடுத்த பணம் செலவு அட்டவணையில் ‘குடும்பங்களுக்கான மாற்றுத்தொகை’ என்று வேறு வேஷத்தில் வரும். ஏதோ ஏழைகளுக்குக் கொடுத்த உதவி என்று படிக்கத் தோன்றும்.

இரண்டாவது ஓட்டை இன்னும் எளிமையானது. பணம் இருந்தது என்று தளம் சொல்லும், சோறு போய்ச் சேர்ந்ததா என்று சொல்லாது. 2023 ஏப்ரலில் இந்த மாகாணத்தில் பள்ளிச் சத்துணவு விநியோகம் புது ஒப்பந்தத்தில் சொதப்பி, பிள்ளைகள் பசியோடு வீடு திரும்பினார்கள். நிபந்தனை மானியத்தின் வரியில் பணம் அப்போதும் முழுசாகத்தான் இருந்தது. இதற்குப் பட்ஜெட் எண் உதவாது. துறையின் செயல்திறன் அறிக்கையில் இலக்கும் எட்டியதும் காலாண்டுவாரியாக வரும், அதைப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்.

கட்டுமானப் பணிகள் பகுதி நன்றாகவே இருக்கிறது. மருத்துவமனை, பள்ளி பெயரை இங்கே தட்டித் தேடலாம். கருத்துரு, வடிவமைப்பு, டெண்டர், கட்டுமானம், நடைமுறை நிறைவு என்று எந்தக் கட்டத்தில் இருக்கிறது, மொத்தச் செலவு என்ன, யார் செயல்படுத்துகிறார் என்று வரும். படிக்கும்போது முதலில் போட்ட முடிவுத் தேதியையும் இப்போது சொல்லும் தேதியையும் ஒப்பிடுங்கள், மொத்தச் செலவு பிறகு. செலவு ஏறுவதற்கு விலைவாசி என்று பதில் சொல்லலாம். தேதி மூன்று தடவை தள்ளிப்போனால் அந்தப் பதில் போதாது. தகவல் துறைகளே காலாண்டுக்கு ஒரு முறை நிரப்புவது என்பதால் விட்டுப்போன கட்டங்களும் உண்டு. பெயரையும் ஒரே மாதிரி எழுத மாட்டார்கள். ‘ஆர்.கே. கான்’ என்பதைப் புள்ளி வைத்தும், வைக்காமலும், சேர்த்தும் தேடிப் பார்க்க வேண்டியிருக்கும்.

ரேட்ஸ் பில்லோடு மல்லுக்கட்டுபவர்களுக்கு உரியது 2016-இல் வந்த சகோதரத் தளம் முனிசிபல் மணி. எத்தெக்வினிக்குக் குறியீடு ஈடிஎச். பயன்படுத்த இதுவே சுலபம், விளக்கமும் தெளிவு. மூன்று குறிகளைப் பார்த்தால் மாநகராட்சியின் உடல்நிலை தெரிந்துவிடும். கையிருப்புப் பணம் எத்தனை மாதச் செலவுக்குத் தாங்கும்: 3 மாதத்துக்கு மேல் நல்லது, 1 மாதத்துக்குக் கீழே ஆபத்து. பராமரிப்புச் செலவு சொத்து மதிப்பில் 8 சதவீதமாவது இருக்க வேண்டும். குழாய் வெடித்துக்கொண்டே இருப்பது ஏன் என்பதற்கு விடை பெரும்பாலும் இந்தக் குறியில் இருக்கும். பில் போட்டதில் 95 சதவீதம் வசூலாக வேண்டும். மாநகராட்சியின் ஆண்டு ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். இந்தத் தளத்தில் 2024 என்றால் 2024 ஜூனில் முடிந்த ஆண்டு. மாகாண எண்ணோடு வரிசை போடும்போது இங்கேதான் வழுக்கும். மாத எண்கள் தணிக்கையாகாதவை. 2017 ஜூலை 1-இல் எல்லா மாநகராட்சிக்கும் ஒரே கணக்குத் தலைப்பு முறை வந்ததால், அதற்கு முந்தைய ஆண்டுகளோடு வரிக்கு வரி ஒப்பிடுவதும் வீண் வேலை. தண்ணீர் எவ்வளவு வீணாகிறது என்று தேடுபவர் ஆண்டுக் கணக்கின் குறிப்புகளுக்குப் போகட்டும்.

மொழி ஒரு குறை. அட்டவணைகளும் தரவும் ஆங்கிலத்தில்தான். அரசியலமைப்பின் 6-ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழின் பெயரையும் சொல்கிறது. அது பட்ஜெட் வரைக்கும் வந்து சேரவில்லை. தமிழில் வேண்டாம், பல பக்கங்கள் சூலுவிலாவது இருந்தால் பேச்சில் நியாயம் இருக்கும். கைபேசியில் பார்ப்பதும் கஷ்டம். பெட்டிப் படத்தில் சின்னத் துறைகள் விரல் நுனிக்கு அகப்படாது. அட்டவணைக் கோப்பை இறக்கிக் கணினியில் திறப்பதே மேல்.

நிகழ்நேரச் செலவு வேண்டும் என்பவருக்கு வுலெகமாலி சரிப்படாது. ஏழெட்டு வருஷப் போக்கு வேண்டும், ஒரு கட்டடப் பணியின் வரலாறு வேண்டும், அதிகாரியிடம் பக்க எண்ணோடு கேள்வி கேட்க வேண்டும் என்பவருக்கு இதைவிட நல்ல இடம் இல்லை. பயன்படுத்தச் சரியான காலமும் உண்டு. மாநகராட்சி வரைவு பட்ஜெட்டை ஆண்டு தொடங்க 90 நாள் முன்பு, அதாவது மார்ச் கடைசிக்குள், சபையில் வைத்தாக வேண்டும். ஒப்புதலுக்கு எடுப்பது மே கடைசி வாக்கில். இடையில் உள்ள வாரங்கள் கருத்துச் சொல்வதற்கானவை. நீண்ட கடிதம் வேண்டாம். எந்த வரி, எந்தப் பக்கம், போன மூன்று வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்று நான்கு வரி எழுதி, முனிசிபல் மணியின் பராமரிப்புக் குறியைப் படம் பிடித்து ஒட்டி அனுப்புங்கள்.